மழை வந்தால் அறுந்துபோகும் இணையம்: பழைய தொலைபேசிக் கம்பியைச் சரிசெய்வது எப்படி?

சவூதியில் இரவு எட்டு மணி என்றால் இங்கே பத்தரை. தம்மாமில் இருக்கும் எங்கள் தம்பி வேலை முடித்து, சாப்பிட்டுவிட்டு, உம்மாவோடு பேச உட்காரும் நேரம் அதுதான். மழைக்காலத்தில் சரியாக அந்த நேரம் பார்த்து இணையம் அறுந்துபோகும். திரையில் முகம் அப்படியே உறைந்து நிற்கும். குரல் துண்டு துண்டாக வரும். பிறகு அதுவும் நின்றுவிடும். மோடத்தை அணைத்துப் போட்டால் ஐந்து நிமிடம் வேலை செய்யும், மறுபடியும் அதே கதைதான். "புள்ள என்ன சொன்னான்னே வெளங்கல" என்று உம்மா போனைக் கீழே வைப்பார். வாரத்துக்கு இரண்டு நாளாவது இப்படி நடந்தது.

பூந்தமல்லியில் இருந்து ஆவடி செல்லும் சாலையில் உள்ள பாரிவாக்கத்தில் எங்கள் வீடு. சுற்றிலும் புதிய அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. ஆனால் உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் தெருவுக்குக் கண்ணாடி இழைக் கேபிள் இன்னும் வந்து சேரவில்லை. வீட்டுக்குள் கைப்பேசி சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடுதான். ஆகவே பல ஆண்டுகளுக்கு முன் போட்ட தொலைபேசிக் கம்பி வழியாக வரும் இணையத்தைத்தான் நம்பியிருந்தோம். நிறுவனத்தைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டு மழைக்காலங்களை ஓட்டினோம். கடைசியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தபோது, பழுதில் பெரும்பகுதி எங்கள் வீட்டுச் சுவரிலேயே இருந்தது தெரிந்தது.

இதே நிலையில் இன்னும் பல குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளைகளின் இணைய வகுப்பு, வேலைக்கான நேர்காணல், வெளிநாட்டில் இருப்பவரின் அழைப்பு என்று எல்லாம் அந்த ஒரு கம்பியில்தான் தொங்குகின்றன. நாங்கள் கற்றுக்கொண்டதை அவர்களுக்காக இங்கே எழுதுகிறோம்.

ஒரே கம்பியில் பேச்சும் இணையமும்

பி.எஸ்.என்.எல். நிறுவனம் 'டேட்டாஒன்' என்ற பெயரில் பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கியது 2005 ஜனவரியில். அதற்கு முந்தைய ஆண்டு வெளியான மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கைப்படி, 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அது பிராட்பேண்ட். 2013-ல் அந்த அளவு 512 கிலோபிட் ஆனது. 2023-ல் 2 மெகாபிட் ஆக உயர்ந்தது. அளவுகோல் மாறிக்கொண்டே வந்தது. பல வீடுகளில் கம்பி மட்டும் மாறவே இல்லை.

இந்தச் சேவை வேகமாகப் பரவியதற்குக் காரணம் எளியது. புதிதாகக் கேபிள் இழுக்க வேண்டியதில்லை, தொலைபேசிக்காக ஏற்கெனவே போட்டிருந்த செம்புக் கம்பியே போதும். நம் பேச்சுக்கு 4 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைவான அலைவரிசையே தேவைப்படுகிறது. அதற்கு மேலே உள்ள இடம் காலியாகக் கிடந்தது. ஏ.டி.எஸ்.எல். என்னும் தொழில்நுட்பம் ஏறத்தாழ 25 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள இடத்தை இணையத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது. அதன் அடுத்த வடிவம் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை போனது. போனில் பேசிக்கொண்டே இணையத்தையும் பயன்படுத்த முடிந்தது இதனால்தான்.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. இந்தக் கம்பி குரலைச் சுமப்பதற்காகச் செய்யப்பட்டது. கொஞ்சம் பழுது இருந்தாலும் குரல் கடந்துவிடும், நம் காதும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் உயர் அலைவரிசையில் போகும் இணையத்துக்கு அந்தச் சின்னப் பழுதே பெரிய தடை. "போன் நல்லாத்தானே இருக்கு, நெட் மட்டும் ஏன் போகுது?" என்று பலரும் கேட்பதற்குப் பதில் இதுதான்.

கம்பி வரும் பாதை

எக்ஸ்சேஞ்சில் இருந்து தடித்த கேபிள் பூமிக்கடியில் தெருமுனைப் பெட்டிக்கு வருகிறது. ஊழியர்கள் இதைப் 'பில்லர்' என்பார்கள். அங்கிருந்து சிறிய கேபிள் கம்பத்திலோ சுவரிலோ இருக்கும் டி.பி. பெட்டிக்குப் போகிறது. டி.பி. பெட்டியில் இருந்து ஒரு ஜோடிக் கம்பி நம் வீட்டுக்கு வருகிறது. வீட்டுக்குள் அது ஒரு சிறிய சதுரப் பெட்டியில் முடிகிறது. அதற்குப் பிறகு மாடிக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று என்று நாமே இழுத்துக்கொண்ட கம்பிகள்.

இந்தப் பாதையில் உள்ள ஒவ்வொரு இணைப்பும் பழுது வரக்கூடிய இடம்தான்.

என்னென்ன கெடுக்கிறது?

முதலாவது, தூரம். எக்ஸ்சேஞ்சில் இருந்து தள்ளிப்போகப் போக சிக்னல் தேய்கிறது. பொதுவான கணக்காக, கிலோமீட்டருக்குச் சுமார் 14 டெசிபல் குறையும் என்பார்கள். 3 கிலோமீட்டர் என்றால் 40 டெசிபலுக்கு மேல் இழப்பு. இதை நாம் மாற்ற முடியாது. ஆனால் தூரம் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். நேற்று நன்றாக இருந்த இணைப்பு இன்று அறுந்தால், அதற்குத் தூரம் காரணம் அல்ல.

இரண்டாவது, களிம்பு. செம்பும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் பச்சைக் களிம்பு பிடிக்கும். பழைய செம்புக் குடத்தில் எல்லோரும் பார்த்திருப்போம். இரண்டு கம்பிகளை வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய இடத்தில் இது சீக்கிரமே வந்துவிடும். ஈரம் ஏறினால் இரு கம்பிகளுக்கும் இடையே மின்சாரம் கசியும். மழை விட்டு வெயில் காய்ந்ததும் தானாகவே சரியாகிவிடும். லைன்மேன் வந்து பார்க்கும்போது "எல்லாம் ஓகே" என்று போய்விடுவதும் இதனால்தான்.

மூன்றாவது, கிளைக் கம்பிகள். மாடிக்கோ படுக்கையறைக்கோ இணைப்பு இழுத்திருந்தால், அங்கே போன் இல்லாவிட்டாலும் சிக்னல் அந்தக் கம்பியில் ஓடிப்போய், முனையில் மோதித் திரும்பி வரும். அது நேராக வரும் சிக்னலோடு கலந்து அதைக் குழப்பும். பயன்படாத பழைய எக்ஸ்டென்ஷன் கம்பி சும்மா கிடப்பதில்லை.

நான்காவது, ஃபில்டர் இல்லாமை. போனையும் இணையத்தையும் பிரிக்கும் சின்னப் பெட்டிக்கு ஸ்ப்ளிட்டர் என்று பெயர். இதன் வழியாக வராமல் நேரடியாக லைனில் ஒரு போன் இருந்தாலும் போதும், மணி அடிக்கும்போதும் ரிசீவரை எடுக்கும்போதும் இணையம் அறுந்துவிடும்.

ஐந்தாவது, வெளி இரைச்சல். தொலைபேசி ஜோடிக் கம்பியை ஒன்றோடொன்று முறுக்கித்தான் செய்வார்கள். தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லே 1881-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வெளியில் இருந்து வரும் இரைச்சல் இரு கம்பிகளிலும் சமமாக விழுந்து ஒன்றையொன்று அழித்துவிடும் என்பதே இதன் பயன். நாம் கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று முறுக்கில்லாத தட்டைக் கம்பியை வாங்கி இழுத்தால் அது ஏரியல் போலாகிவிடும். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலைவரிசை நம் இணையம் ஓடும் எல்லைக்குள்தான் இருக்கிறது. இரவு நேரத்தில் மத்திய அலைகள் வெகுதூரம் பயணிக்கும் என்பதால் தூரத்து நிலையங்களின் அலையும் வந்து சேரும். பகலில் தாக்குப்பிடிக்கும் சில இணைப்புகள் இரவில் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்வெர்ட்டர், பழைய டியூப்லைட் சோக், தரமற்ற சார்ஜர் ஆகியவையும் இரைச்சல் தரும்.

பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது

எதையும் வாங்குவதற்கு முன் இந்தச் சோதனைகளைச் செய்து பாருங்கள். இவற்றுக்குச் செலவு எதுவும் இல்லை.

1. மோடத்தின் விளக்கைப் பாருங்கள். இணையம் நின்ற நேரத்தில் 'டி.எஸ்.எல்.' அல்லது 'லிங்க்' என்று எழுதிய விளக்கு அணைந்தோ மினுக்கிக்கொண்டோ இருந்தால், பழுது கம்பியில். அந்த விளக்கு நிலையாக எரிந்து 'இன்டர்நெட்' விளக்கு மட்டும் அணைந்திருந்தால், பெரும்பாலும் பயனர் பெயர், கடவுச்சொல், பில் பாக்கி அல்லது நிறுவனத்தின் பக்கம் உள்ள பிரச்சினை. இரண்டும் எரிந்தும் கைப்பேசியில் மட்டும் வரவில்லை என்றால் வைஃபையைச் சந்தேகிக்க வேண்டும். கணினியை லேன் கேபிளில் நேராக மோடத்தோடு இணைத்துப் பார்த்தால் அது உறுதியாகிவிடும்.

2. காதால் கேளுங்கள். ரிசீவரை எடுத்து ஏதாவது ஓர் எண்ணை அழுத்துங்கள். டயல் டோன் நின்றுவிடும். அந்த அமைதியில் 'கிர்ர்' என்றோ 'சட்சட்' என்றோ சத்தம் கேட்டால் எங்கோ ஓர் இணைப்பு கெட்டிருக்கிறது. டயல் டோனே இல்லாமல் இணையம் மட்டும் மிக மெதுவாக வருகிறது என்றால், ஜோடியில் ஒரு கம்பி அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒற்றைக் கம்பியிலும் உயர் அலைவரிசை தட்டுத்தடுமாறி வந்துவிடும்.

3. முதல் பெட்டியில் சோதியுங்கள். மிக முக்கியமான சோதனை இதுதான். தெருவில் இருந்து கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து பிரியும் எல்லாக் கம்பிகளையும் கழற்றிவிட்டு, வரும் ஜோடியில் மோடத்தை மட்டும் இணையுங்கள். ஒரு நாளோ இரண்டு நாளோ அப்படியே ஓடவிடுங்கள். அறுபடுவது நின்றால் பழுது நம் வீட்டில். அப்படியும் அறுந்தால் பழுது வெளியில், அல்லது மோடத்தில். பக்கத்து வீட்டில் ஒரு மோடம் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தால் அந்தச் சந்தேகமும் தீரும்.

4. மோடத்தின் கணக்கைப் படியுங்கள். உலாவியில் 192.168.1.1 என்று தட்டினால் பெரும்பாலான மோடங்களின் பக்கம் திறக்கும். அதில் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 'எஸ்.என்.ஆர். மார்ஜின்' என்பது இரைச்சலை மீறி சிக்னல் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதன் அளவு. இது 6 டெசிபலுக்குக் கீழே போனால் இணைப்பு அடிக்கடி அறும். 10-க்கு மேல் இருந்தால் நிம்மதி. 'அட்டனுவேஷன்' என்பது வழியில் ஏற்படும் இழப்பு. 40-க்குள் இருந்தால் நல்லது, 60-ஐத் தொட்டால் கடினம். 'சி.ஆர்.சி. எரர்' என்பது வழியில் சிதைந்த தகவல்களின் எண்ணிக்கை. இது நிமிடத்துக்கு நிமிடம் ஏறிக்கொண்டே போனால் எங்கோ இரைச்சல் இருக்கிறது.

5. ஒரு காகிதத்தில் எழுதுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, மழையா வெயிலா, போன் மணி அடித்ததா, மோட்டார் ஓடியதா என்று ஒரு வாரம் குறித்துவைத்தால் காரணம் தானே வெளிப்படும்.

எங்கள் குறிப்பில் மழை, இரவு இரண்டுமே திரும்பத் திரும்ப வந்தன. ஹாலில், எல்லாம் இணைந்திருந்த நிலையில், எஸ்.என்.ஆர். 4-க்கும் 5-க்கும் நடுவே ஆடியது. முதல் பெட்டியில் மோடத்தை மட்டும் போட்டபோது 11 காட்டியது. அதற்கு மேல் யாரையும் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

சரிசெய்த விதம்

சன்ஷேடுக்கு அடியில், மாடிக்குக் கிளை பிரியும் இடத்தில், யாரோ எப்போதோ சுற்றிய டேப் உரிந்து தொங்கியது. உள்ளே கம்பி பச்சை பிடித்திருந்தது, தொட்டதும் ஒடிந்துவிட்டது. மழைச்சாரல் நேராக அங்கேதான் விழும். மாடியில் போன் இருந்து பல வருடங்கள் ஆகியும் கம்பியை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

நாங்கள் செய்தது இவ்வளவுதான்.

முதல் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஸ்ப்ளிட்டரை வைத்தோம். அதில் மூன்று துளைகள் இருக்கும். 'லைன்' என்பதில் தெருக் கம்பி, 'மோடம்' என்பதில் மோடம், 'போன்' என்பதில் தொலைபேசி. வீட்டில் எத்தனை போன் இருந்தாலும் அவை எல்லாமே 'போன்' துளையில் இருந்துதான் பிரிய வேண்டும். அப்படிச் செய்தால் கிளைக் கம்பிகள் இணையத்தைத் தொந்தரவு செய்யாது.

மாடிக்குப் போன கம்பியை முழுவதுமாகக் கழற்றினோம். பெட்டியில் இருந்து மோடத்துக்கு, நடுவில் ஒட்டு இல்லாமல், முறுக்கிய ஜோடிக் கம்பியை ஒரே நீளமாக இழுத்தோம். கணினி வலைப்பின்னலுக்குப் பயன்படும் கேட்-5 கேபிளில் ஒரு ஜோடியை எடுத்தாலே போதும். மின்சார வயரோடு ஒரே பைப்பில் விடாமல் ஓர் அடியாவது தள்ளிக் கொண்டுபோனோம். குறுக்கிட வேண்டிய இடத்தில் நேர்க்கோணத்தில் கடக்கவிட்டோம்.

வெளியே ஒட்டுப்போட வேண்டிய ஓர் இடத்தில், டேப்புக்குப் பதிலாக லைன்மேன்கள் பயன்படுத்தும் ஜெல்லி நிரப்பிய சின்னக் கனெக்டரைப் போட்டோம். உள்ளே இருக்கும் ஜெல்லி ஈரத்தை அண்டவிடாது. கம்பி சுவருக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டோம். கம்பி வழியே ஓடிவரும் மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பெட்டிக்குள் போகாது.

எல்லாம் சேர்ந்து சில நூறு ரூபாய்தான் செலவு. ஒரு விடுமுறை நாளின் பகல் பொழுதில் வேலை முடிந்துவிட்டது.

எச்சரிக்கை

தொலைபேசிக் கம்பியில் எப்போதும் சுமார் 48 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கும். மணி அடிக்கும்போது அதற்கு மேல் 75 வோல்ட் அளவுக்கு மாறுமின்சாரமும் வரும். ஈரக் கையோடு தொட்டால் சுரீரென்று அடிக்கும். இடி மின்னல் நேரத்தில் கம்பியின் பக்கமே போகாதீர்கள். அந்த நேரத்தில் மோடத்தின் கரன்ட் பிளக்கையும் தொலைபேசிக் கம்பியையும் முன்கூட்டியே கழற்றி வைப்பது நல்லது. கம்பத்தில் ஏறுவதோ டி.பி. பெட்டியைத் திறப்பதோ கூடாது. அது நிறுவனத்தின் சொத்து, உயிருக்கும் ஆபத்து. நம் வேலை வீட்டுக்குள் உள்ள கம்பியோடு முடிந்துவிடுகிறது.

பழுது வெளியில் இருந்தால்

"நெட் வரவில்லை" என்று மட்டும் புகார் சொன்னால் பயன் குறைவு. "முதல் பெட்டியில் மோடத்தை மட்டும் போட்டுச் சோதித்தோம், மழைக்குப் பிறகு எஸ்.என்.ஆர். இவ்வளவுக்கு இறங்குகிறது, போனில் இரைச்சல் கேட்கிறது" என்று சொல்லுங்கள். கம்பியின் இன்சுலேஷனைச் சோதிக்கவும், தேவைப்பட்டால் டி.பி.யிலோ பில்லரிலோ வேறு ஜோடிக்கு மாற்றவும் கேளுங்கள். வருகிற லைன்மேனிடம் உங்கள் ஒரு வாரக் குறிப்பைக் காட்டினால் அவருக்கும் வேலை எளிதாகும். வெயிலிலும் மழையிலும் கம்பம் ஏறுகிறவர் அவர், கோபமாகப் பேசுவதால் கம்பி சரியாகிவிடாது.

புகார் எண்ணை மறக்காமல் எழுதி வையுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ம் ஆண்டு விதிமுறைப்படி, புகார் மையத்தில் தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் புகார் எண் கையில் இருக்க வேண்டும்.

எல்லாம் செய்தும் தூரத்தால் எஸ்.என்.ஆர். குறைவாகவே இருந்தால், இணைப்பின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து நிலைப்படுத்தித் தரும்படி கேட்கலாம். 8 மெகாபிட் வேகத்தில் பத்து தடவை அறுவதைவிட 4 மெகாபிட்டில் அறாமல் ஓடுவது மேல்.

கம்பி நன்றாக இருந்தும் பேச்சு தடைபட்டால்

இதையும் நாங்கள் அனுபவித்தோம். ஏ.டி.எஸ்.எல். இணைப்பில் இறங்கும் வேகம் அதிகம், ஏறும் வேகம் மிகக் குறைவு, சுமார் 1 மெகாபிட் அளவுதான். ஒரு வீடியோ அழைப்புக்கு இரு பக்கமும் அரை மெகாபிட்டுக்குக் குறையாமல் தேவைப்படும். வீட்டில் இருக்கும் ஒரு கைப்பேசி அந்த நேரத்தில் அன்று எடுத்த படங்களை எல்லாம் இணையச் சேமிப்பில் ஏற்றிக்கொண்டிருந்தால், நம் குரலும் முகமும் மறுமுனைக்குப் போய்ச்சேர வழி இருக்காது. அவர் பேசுவது நமக்குக் கேட்கும், நாம் பேசுவது அவருக்குக் கேட்காது. படங்கள் தானாக ஏறும் நேரத்தை நள்ளிரவுக்குப் பிறகு என்று மாற்றியதும் இது தீர்ந்தது. அப்படியும் தடுமாறினால் வீடியோவை நிறுத்திக் குரலில் மட்டும் பேசலாம். குரலுக்கு அதில் ஒரு சிறு பங்கே போதும்.

மோடத்தை அலமாரிக்குள்ளும் டி.வி.க்குப் பின்னாலும் ஒளித்து வைக்காதீர்கள். சூடு ஏறினால் அதுவும் தடுமாறும், வைஃபையும் வலுவிழக்கும்.

கண்ணாடி இழை வந்துவிட்டால்?

உங்கள் தெருவுக்குக் கண்ணாடி இழை வந்துவிட்டால் தயங்காமல் மாறிவிடுங்கள். அதில் ஓடுவது ஒளி. களிம்பும் வானொலி இரைச்சலும் அதை ஒன்றும் செய்யாது. செம்புக் கம்பியின் காலம் உலகெங்கும் முடிந்துகொண்டிருக்கிறது. பிரிட்டனில் பழைய செம்புக் கம்பித் தொலைபேசிச் சேவையை 2027 ஜனவரியோடு நிறுத்துவதாக அறிவித்திருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பழைய தொலைபேசிக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சில் இருந்தே வந்தது, வீட்டில் கரன்ட் போனாலும் சாதாரண போன் வேலை செய்தது. கண்ணாடி இழையில் அப்படி இல்லை, வீட்டில் உள்ள கருவிக்கு மின்சாரம் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல பகுதிகள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்ததை மறந்திருக்க மாட்டோம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ஒரு சிறிய பேட்டரி பேக்கப்பையும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது.

அது வரும்வரை, இருக்கும் கம்பியைச் சரியாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் தெருவில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக இருக்கும் பெரியவர்கள் யாராவது "நெட்டு வரமாட்டேங்குது தம்பி" என்றால், ஒரு பகல் பொழுதை ஒதுக்கி அவர்கள் வீட்டு முதல் பெட்டியை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு வாருங்கள். நமக்கு அது ஒரு மணி நேர வேலை. அவர்களுக்கு அது பிள்ளையின் குரல்.

எங்கள் வீட்டில் கம்பி மாற்றிய பிறகு ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. பத்தரை மணி அழைப்பு இப்போது முக்கால் மணி நேரம் போகிறது. தம்பிதான் "உம்மா, காலைல வேலைக்குப் போகணும், தூங்கணும்" என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது.